அவங்களே சொல்லச் சொன்னாங்க

மருத்துவமனை வராந்தா என்று பியூலா தொடங்கியபோது சுகிர்தாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மருத்துவச் சமூகப்பணிப் பாடத்தில் எல்லாக் கதையும் ஏதாவதொரு வராந்தாவில்தான் தொடங்கும். இரண்டு பெண்கள் என்றாள். சரி. ரொம்ப வருஷமாக ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறவர்கள் என்றாள். அதுவும் சரிதான், இன்றைய பாடமே அதுதானே, தன்பாலின ஈர்ப்புள்ளவர்களும் திருநங்கைகளும் உதவி கேட்டு வந்து எதிரே உட்கார்ந்தால் ஒரு சமூகப்பணியாளர் எப்படிப் பேச வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதை வாய் தவறியும் கேட்கக் கூடாது. கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டின் கிறக்கத்தில், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி வகுப்புகளில் ஒரு ஆசிரியை நடத்துவதும் இன்னொருத்தி பின்னால் உட்கார்ந்து கவனித்துக் கடைசியில் இரண்டு வார்த்தை சொல்வதும் அவர்கள் துறையில் வழக்கம். ஒருத்திக்குத் திடீரென்று மூளையில் ரத்தக்கசிவு என்றாள் பியூலா. அப்போதும் சுகிர்தா தன்னை நினைத்துக்கொள்ளவில்லை, ரத்தக்கசிவு யாருக்கும் வருகிறதுதான். “அவங்களுக்கு ஒரே அண்ணன். ஊர்ல பாத்திரக்கடை வச்சிருக்கார்” என்று அடுத்த வாக்கியம் வந்தபோதுதான், அடுக்கி வைத்திருந்த தூக்குவாளிகள் மொத்தமும் சரிந்து தலைக்குள் உருண்டன. பாத்திரக்கடை. முன்பெஞ்சில் யாரோ இருமினார்கள். பியூலா கரும்பலகைப் பக்கம் திரும்பி வள்ளி என்றும் தேவி என்றும் இரண்டு பெயர் எழுதினாள். வள்ளி என்பது நான். தேவி என்பது இசக்கி. பெயரை மாற்றத் தெரிந்தவளுக்குக் கடையை மாற்றத் தெரியவில்லையா, உரக்கடை என்று சொல்லியிருக்கலாம், பழக்கடை, ஜெராக்ஸ் கடை, ஊரில் கடைக்கா பஞ்சம். இல்லை, இது வேறு யாருடைய கதையாகவும் இருக்கலாம், இருக்கலாம்தான், பாத்திரக்கடை அண்ணன்கள் உலகத்தில் ஒருவர்தானா இருக்கிறார்கள் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பியூலா சொன்னாள், வள்ளி ஒரு கல்லூரியில் வேலைபார்க்கிறவர், தேவி ஒரு கூட்டுறவு வங்கியில் கவுன்டரில் இருந்தவர், இது கற்பனை இல்லை, உண்மையாக நடந்தது, அதனால் விளையாட்டாக எடுக்கக் கூடாது.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவள் டப்பாவிலிருந்துதானே சாப்பிட்டேன். சாளை மீன் புளிமுளம். இன்றைக்கு என்ன கேஸ் எடுக்கப்போகிறாய் என்று கேட்டதற்கு, ஒண்ணு வச்சிருக்கேன் என்று சொல்லி இன்னொரு துண்டை எடுத்து என் சோற்றில் வைத்தாள். முள்ளு பாத்துத் தின்னுட்டி என்றாள். எங்கள் கதையை அவளிடம் சொன்ன அன்றைக்கும் சாளைதான். பியூலா வீட்டுச் சமையலறையில், கோயில் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் புருஷன் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்க, அரிவாள்மணை முன்னால் குந்தி மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். சுகிர்தா தண்ணீர்த்தொட்டி மேல் சாய்ந்து நின்று சொல்லத் தொடங்கினாள், எதைச் சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே. சொல்லச் சொல்ல பியூலா தலை நிமிரவேயில்லை. செதில் உரசும் சத்தம் ஒரே கதியில் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் சொல்ல முடிந்தது. முகத்தைப் பார்த்திருந்தால் பாதியில் நின்றிருக்கும். எல்லாம் முடிந்த பிறகு பியூலா கையைக் கழுவி, மீன்வாடை போகப் புளி தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, இன்னும் ஈரம் போகாத கையால் இவள் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததை எவ்வளவு காலம் சொத்து மாதிரி வைத்திருந்தேன். வகுப்பில் ரகசியம் காத்தல் என்ற தலைப்பு வரும்போதெல்லாம் எனக்குத் தலை நிமிராமல் மீன்செதில் உரசிக்கொண்டிருந்த பியூலாதான் நினைவுக்கு வருவாள். இப்போது தோன்றுகிறது, அவள் நிமிராததற்குக் காரணம் ஒருவேளை ஒன்றையும் விட்டுவிடாமல் கேட்கவேண்டும் என்பதாக இருந்திருக்குமோ. சீ. அப்படி இல்லை. அன்றைக்கு அவள் கண்ணும் கலங்கியிருந்தது. கலங்கியிருந்ததா, இல்லை வெங்காயமா, வெங்காயம் பிறகுதானே உரித்தோம்.

அடுத்து நடித்துக் காட்டும் பயிற்சி. வள்ளியாக நடிக்க அனிஷா எழுந்தாள், மருத்துவமனைச் சமூகப்பணியாளராக இன்பராஜ். இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டார்கள். அனிஷா நன்றாகப் பாடுகிற பெண், ஆண்டுவிழாவில் அவள்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பாள், துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு உடனே விசும்ப ஆரம்பித்துவிட்டாள். நான் அழவில்லை என்று சுகிர்தா நினைத்தாள். எனக்கு அழுகையே வரவில்லை, ஒரு செருப்பு எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸில் ஏறும்போது ஒரு செருப்பு விழுந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு அந்தப் பளபளப்பான தரையில் நிற்கும்போது கால் ஒன்று சில்லென்றும் ஒன்று வெதுவெதுப்பாகவும் இருந்தது. இதை பியூலாவிடம் சொல்லவில்லை, நல்லவேளை, சொல்லியிருந்தால் அனிஷா இப்போது ஒரு செருப்பைக் கழற்றிப்போட்டிருப்பாள். அன்றைக்கு அந்த வராந்தாவில் கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வந்து, இசக்கியம்மாள் கூட இருக்கிறவங்க யாரு என்று கூப்பிட்டார். நான்தான் என்று எழுந்தேன். இத்தனை வருஷத்தில் எங்களுக்கென்று ஒரு சொல் யாரும் சொன்னதில்லை, அந்த நர்ஸ் சொன்னார், கூட இருக்கிறவங்க. ஆமாம், கூட இருக்கிறவள். அவ்வளவுதான் நான். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு தைரியமாக இருந்தது. அப்புறம் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பையன் வந்தான், மருத்துவமனையின் சமூகப்பணியாளர், நம்மிடமோ நம்மைப் போன்றவர்களிடமோ படித்துவிட்டுப் போன பையன்தான், தலையைத் திறக்க வேண்டும், கையெழுத்து வேண்டும் என்றான். அவனும் கெட்டவன் இல்லை. பேனாவை நீட்டிவிட்டுத்தான் கேட்டான். இதோ, இன்பராஜ் கேட்கிறான், அதே வார்த்தை, பியூலா சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

அனிஷா விசும்பலை நிறுத்தி, பியூலாவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, “நான் அவங்க வீட்ல வாடகைக்கு இருக்கேன்” என்றாள். வகுப்பு சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, எதிர்பாராததைக் கேட்டால் வருகிற சிரிப்பு, யாரோ ‘ஐயோ பாவம்’ என்றும் சொன்னார்கள். சுகிர்தாவுக்குப் பெஞ்சின் விளிம்பு உள்ளங்கையில் வெட்டியது. அந்த வாக்கியம் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். சொன்ன எனக்கு, அதை எழுதிக்கொள்ளாமல் பேனாவை வாங்கிக்கொண்ட அந்தப் பையனுக்கு, சமையலறையில் கேட்ட பியூலாவுக்கு. நாலாவதாக இசக்கிக்கும் தெரிந்திருக்கலாம். ஸ்ட்ரெச்சர் ஒரு எட்டு தள்ளித்தான் கிடந்தது, கண் பாதி திறந்திருந்தது, காது திறந்திருந்ததா என்று யாருக்குத் தெரியும். என்ன வேணும் என்று கேட்டான். எனக்கு அவள் வேணும் என்று வாய்வரைக்கும் வந்தது. அக்கா என்றாவது சொல்லியிருக்கலாம், சித்தி மகள் என்று சொல்லியிருக்கலாம், ஜாதி வேறு, பெயர் வேறு, சுகிர்தா ஜெபமணி எப்படி இசக்கியம்மாளுக்குச் சித்தி மகள் ஆவாள் என்று அந்தப் பதற்றத்திலும் புத்தி ஒரு மூலையில் கணக்குப் பண்ணி, பிறகு வாடகை என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்து நாக்கில் வைத்தது. அப்படியானால் ரத்த சொந்தம் யாருக்காவது போன் போடுங்க என்றான் பையன். போட்டேன். சங்கரன்கோவிலிலிருந்து அண்ணன் கார் பிடித்து வந்து சேரும்வரை தலையைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். சீக்கிரம் திறந்திருந்தால் பேச்சு தப்பியிருக்குமோ என்னவோ, டாக்டர் அதைப் பற்றிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, வாடகைக்கு இருக்கிறவள் எதற்குக் கேட்பாள்.

இப்போது பியூலா விளக்கிக்கொண்டிருந்தாள், நன்றாகத்தான் விளக்கினாள், அதுதான் தாங்கவில்லை. இன்பராஜ், நீ கேட்ட கேள்வியில் தப்பில்லை, ஆனால் கேட்ட இடம் தப்பு, பத்துப் பேர் நடமாடுகிற வராந்தாவில் நின்றுகொண்டு கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள், தனியாகக் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்து, அவங்களுக்கு நீங்க ரொம்ப முக்கியமானவங்கன்னு தெரியுது, உங்களை எப்படிக் குறிப்பிடணும்னு நீங்களே சொல்லுங்க என்று கேட்டிருந்தால்? பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். அந்த வாக்கியம் சுகிர்தாவுடையது. இந்தப் பாடத்தைச் சேர்க்கவேண்டும் என்று பாடத்திட்டக் குழுவில் இரண்டு வருஷம் மல்லுக்கட்டியவள் அவள்தான். இதெல்லாம் நம்ம பக்கம் எங்க மேடம் இருக்கு என்று ஒருவர் சிரித்தார், இன்னொருவர் சென்னைக்காரர்கள் படிக்கட்டும் என்றார். அந்தப் பையனுக்கு ஒரே ஒரு வாக்கியம் யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் என்ற ஒன்றைத் தவிர வேறு காரணம் அவளிடம் இல்லை, அதை வெளியே சொல்லவும் முடியாது, ஆகையால் புள்ளிவிவரம் சொன்னாள், தீர்ப்புகளைச் சொன்னாள், வெளிநாட்டுப் பாடத்திட்டங்களைச் சொன்னாள். பாடம் சேர்ந்தது. யார் எடுப்பது என்று வந்தபோது, கல்யாணம் ஆகாத சுகிர்தா இதை எடுத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பார்ப்பார்களே என்ற பயம் வந்துவிட்டது. பியூலா எடுக்கட்டும் என்று அவளே சொன்னாள். இரண்டு பிள்ளைகள், கோயில் பாடகர் குழு, கழுத்தில் தாலிச்சங்கிலி, பியூலா சொன்னால் யாரும் எதையும் நினைக்கமாட்டார்கள். பியூலாவும் மறுக்கவில்லை, உனக்காக எடுக்கேன்ட்டி என்றாள். என்னுடைய பாடத்தையும் கொடுத்தேன், என்னுடைய வாக்கியத்தையும் கொடுத்தேன், மிச்சமிருந்ததை அவளே எடுத்துக்கொண்டாள். கையில் சாவி இருக்கும்போது கேட்டுவிட்டுத் திறக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் இரண்டாவது பெஞ்சில் சங்கரகோமதியின் பின்தலை கண்ணில் பட்டது. ரெட்டைச் சடை போட்ட, அதிகம் பேசாத பெண். சங்கரன்கோவில்காரி. பெயரைக் கேட்டாலே ஊர் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டலில் சொல்லிவிட்டு ஊருக்குப் போவாள், திங்கள் காலை அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையோடு வருவாள். பியூலாவுக்கு இந்தப் பிள்ளை எந்த ஊர் என்று தெரியாதா, சேர்க்கையின்போது இரண்டு பேரும்தானே நேர்காணல் எடுத்தோம். தேர்வீதியில் மூன்றோ நாலோ பாத்திரக்கடை இருக்கும். அதில் எந்தக் கடைக்காரர் வீட்டில் வாய் பேச முடியாத தங்கச்சி ஒருத்தி கட்டிலில் கிடக்கிறாள் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து ஒரு டீச்சர் பழம் வாங்கிக்கொண்டு வருவதும் தெரியும். இந்தப் பெண் அம்மாவிடம் சும்மா வாய்வார்த்தையாக, எங்க வகுப்புல இன்னைக்கு ஒரு கதை சொன்னாங்கம்மா என்று ஆரம்பித்தால் போதும். அண்ணன் கொடுமைக்காரர் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். தங்கச்சிக்குப் பிசியோதெரபி ஆள் வைத்திருக்கிறார், தண்ணீர்மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறார். ஸ்நேகிதி வந்து பார்த்துவிட்டுப் போவதில் எங்களுக்கு ஒன்றுமில்லை டீச்சர், ஊர் வாய் மட்டும் இந்த வாசல்படி ஏறக்கூடாது என்று ஒருநாள், காபியை நீட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது அந்தக் காபியோடு நின்றுவிட்டது. அன்றையிலிருந்து எவ்வளவு கவனமாக இருந்தேன். கட்டிலில் உட்காரமாட்டேன், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். அண்ணன் மனைவி அடுக்களைக்குள் போனால் மட்டும் கையைப் பிடித்துக்கொள்வேன், நல்ல கை இடது கைதான், அது என் விரலை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிற மாதிரி தடவும். இசக்கிக்கு வாயில் ஒரு சத்தம்தான் வருகிறது, ஆ என்றும் இல்லாமல் ஓ என்றும் இல்லாமல். அந்தச் சத்தத்தைக் கேட்க மாதத்தில் ஒரு மதியம். அந்த ஒரு மதியத்தைத்தான் பியூலா இப்போது, சுண்ணக்கட்டியை விரலில் உருட்டிக்கொண்டு, சேவை பெறுபவரின் இழப்புகள் என்று பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

சங்கரகோமதி கையைத் தூக்கினாள். வகுப்பில் அவள் கை தூக்கிப் பார்த்ததில்லை. எழுந்து நின்று, யோசித்து யோசித்து, “மேடம், நாம இப்படிப் பேசுறது அந்த அம்மாவுக்குத் தெரியுமா?” என்றாள்.

மின்விசிறி முனகியது. பியூலா சுண்ணக்கட்டியை மேஜைமேல் வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசி பெஞ்சுப் பக்கம் அவள் கண் வரவேயில்லை, வராமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறாள் என்பது சுகிர்தாவுக்குக் கழுத்து நரம்பில் தெரிந்தது. இப்போது சொல்லு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். தெரியாதும்மா, நான் கேட்டிருக்கணும், கேட்கலைன்னு சொல்லு. ஆசிரியை தப்புச் செய்வாள், தப்பென்று சொல்வாள், அதைவிடப் பெரிய பாடம் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது. அதை மட்டும் சொல்லிவிடு, மற்றதையெல்லாம் நான் எப்படியாவது செரித்துக்கொள்கிறேன், ஆர்வக்கோளாறு, அவசரம், எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டாய், எல்லாவற்றையும்.

“கேட்டுட்டுத்தாம்மா” என்றாள் பியூலா. “அவங்களே சொல்லச் சொன்னாங்க. நாலு பிள்ளைங்களுக்குப் பிரயோஜனப்படட்டும்னாங்க.”

பொய் சொல்லும்போது பியூலா குரலில் கொஞ்சம் சர்க்கரை கூடும். முதல்வரிடம், துறைத்தலைவரிடம், மாமியாரிடம் அந்தக் குரலில் அவள் பேசி எத்தனையோ தடவை சுகிர்தா பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கியிருக்கிறாள். பல தடவை அந்தப் பொய் சுகிர்தாவைக் காப்பாற்றவே சொல்லப்பட்டிருக்கிறது. அதனால்தான் உடனே அடையாளம் தெரிந்தது. கதையை எடுத்துக் கொடுத்தது கூடப் பரவாயில்லை என்று நினைத்தாள், பரவாயில்லை என்று நினைப்பதே ஆச்சரியமாக இருந்தது. வாடகை என்ற வார்த்தையை அனிஷா வாயில் வைத்துச் சிரிக்கவிட்டதைக்கூட என்றாவது மறந்துவிடலாம். ஆனால் என் வாயைத் திறந்து அதற்குள்ளிருந்து சம்மதத்தை எடுத்துக்கொண்டாளே. நான் சொல்லாத வார்த்தை, என் குரலில், இத்தனை பிள்ளைகள் குறிப்பெடுக்கிற இடத்தில். வராந்தாவில் அந்தப் பையனும் இதைத்தான் செய்தான், நான் யார் என்பதை அவனே முடிவு செய்தான், ஆனால் அவன் என்னைத் தெரியாதவன். இவள் என் கன்னத்தைப் பிடித்தவள். கேட்டுட்டுத்தாம்மா. யாரைக் கேட்டாய்? நினைப்பு அதிலேயே சுற்றி, ஒரு இடத்தில் முள் மாதிரி மாட்டி நின்றது, நீ யாரைக் கேட்டாய் சுகிர்தா? அன்றைக்கு அந்தச் சமையலறையில் நீ சொன்னது உன் கதை மட்டும்தானா? இசக்கியைக் கேட்டாயா? அவளால் தலையாட்ட முடியும். இடது கையை அமுக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். இல்லை, அது வேறு இது வேறு, எனக்கு மூச்சு முட்டியது, யாரிடமாவது சொல்லாவிட்டால் செத்துப்போயிருப்பேன். வேறுதான். இருந்தாலும் முள் அங்கேயே இருந்தது.

சங்கரகோமதி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அவள் நம்பினாளா இல்லையா என்று பின்தலையில் தெரியவில்லை. பியூலா நேரத்தைப் பார்த்து, சரி, சுகிர்தா மேடம் கவனிச்சுக்கிட்டே இருந்தாங்க, இப்ப அவங்க ரெண்டு வார்த்தை சொல்வாங்க என்று சொல்லி, அப்போதுதான் முதல்முறையாக இவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது, கூடவே இவள் காப்பாற்றிவிடுவாள் என்ற நம்பிக்கையும் இருந்தது, எப்போதும் நீ என்னையும் நான் உன்னையும் என்று இருந்தோமே அந்த நம்பிக்கை. சுகிர்தா எழுந்தாள். நடந்து முன்னால் போனாள். ஏதாவது பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். நடிப்பு நன்றாக இருந்தது, அனிஷா அழுகையைக் கொஞ்சம் குறைக்கலாம், இன்பராஜ் கண்ணைப் பார்த்துப் பேசினது நல்லது, மரியாதை, ரகசியம், சுயமுடிவு உரிமை, மூன்றையும் மறக்கக் கூடாது. சொல்லிவிடலாம். சனிக்கிழமை தப்பிக்கும். ரகசியம் என்று சொல்ல வாயெடுத்தாள், சொல் வரவில்லை. சங்கரகோமதி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இந்தப் பெண் ஏதோ ஒரு மருத்துவமனையில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்பாள். கேட்டுட்டுத்தான் என்று சொல்லிவிட்டால் போதும் என்பதை இன்றைக்கு இங்கே கற்றுக்கொண்டு போவாள்.

“சங்கரகோமதி ஒரு கேள்வி கேட்டா” என்றாள் சுகிர்தா. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “நல்ல கேள்வி. அவங்களக் கேக்கல. கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”

சொல்லியிருப்பாங்க என்றல்லவா முடிந்திருக்க வேண்டும். அவங்க என்று தொடங்கிய வாக்கியம் கடைசி எழுத்தில் திரும்பி வந்து இவள்மேல் நின்றுவிட்டது. இத்தனை வருஷம் வினைச்சொல்லின் வாலை வெட்டி வெட்டியே பழகியவள். குற்றாலம் போனோம் என்பதைப் போனேன் என்று சொல்லி, வீட்டுக்குச் சாயம் அடித்தோம் என்பதை அடித்தேன் என்று சொல்லி, படம் பார்த்தேன், இட்லி சுட்டேன், மெத்தை வாங்கினேன் என்று ஒரு ஆளாகவே பேசிப் பேசி, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் போனோம் வந்தோம் என்று எல்லாவற்றுக்கும் ஓம் சேர்த்து இரண்டு ஆளாகப் பேசுவாள், இசக்கி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஒருநாளும் நாக்கு தவறியதில்லை. இப்போது தவறிவிட்டது. திருத்தலாம். மன்னிக்கணும், சொல்லியிருப்பாங்க என்று சொன்னால் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருத்தவில்லை. அனிஷாதான் முதலில் புரிந்துகொண்டவள், நடித்த நாற்காலியிலிருந்து சுடுபட்ட மாதிரி எழுந்தாள். பிறகு ஒவ்வொரு பெஞ்சாக அது நகர்ந்து போவது தெரிந்தது, யாரோ ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் என்ன என்று கேட்க, அவன் பேசாம இருல என்றான். ஒரு வருஷம் முழுக்க என்ன பேசவேண்டும் என்று படித்த பிள்ளைகள், ஒருத்தருக்கும் ஒரு வாக்கியம் ஞாபகம் வரவில்லை. சங்கரகோமதி தலையைக் குனிந்துகொண்டாள். பெல் அடித்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள், ஆனால் யாரும் வெளியே போகவில்லை. சுகிர்தாதான் முதலில் வெளியே வந்தாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் பியூலா வந்து பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. “ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட. நான் சமாளிச்சுட்டேன்லா?”

“ஆமா. நீ சமாளிச்சுட்ட.”

பியூலா அழுதாள். உன் பேரைச் சொன்னேனா, ஊரைச் சொன்னேனா, நீதானே அந்தப் பையனுக்கு ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கலையே என்று மருகினாய், புத்தகத்திலிருந்து எடுத்துச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் தூங்குகின்றன, போன வருஷம் பார்க்கலையா, நிஜத்தைச் சொன்னதும் எப்படி உட்கார்ந்து கேட்டார்கள், உனக்காகத்தானே இதெல்லாம், உன்னைக் கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்றுதான் கேட்கவில்லை. எல்லாம் உண்மை. கடைசியில் சொன்னதை பியூலா என்னவென்று தெரிந்துதான் சொன்னாளா என்றும் தெரியவில்லை.

“கடையச் சொன்ன” என்றாள் சுகிர்தா.

“எந்தக் கடைட்டி?”

உண்மையாகவே கேட்டாள். கண்ணில் நீரோடு, புருவத்தைச் சுருக்கி, யோசித்துக்கொண்டு. அவளுக்கு அது ஒரு கடை. எதைத் தூக்கிக் கொடுத்தோம் என்பதே தெரியாமல் கொடுத்திருக்கிறாள். இவ்வளவு நேரம் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது அந்தக் கேள்வியில் அப்படியே குளிர்ந்துபோனது, ஆறியதல்ல, குளிர்ந்துபோனது. தோளிலிருந்த பியூலாவின் கையை மெதுவாக எடுத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு இறங்கினாள். பின்னால் சுகிர்தா சுகிர்தா என்று இரண்டு தடவை கேட்டது. மூன்றாவது தடவை கேட்கவில்லை.

கல்லூரி எதிரே பஸ் நிறுத்தத்தில் வெயில் தார்மேல் கொதித்தது. நின்றிருந்த பிள்ளைகள் வணக்கம் சொன்னார்கள், வேறு துறைப் பிள்ளைகள், இன்னும் தெரியாதவர்கள், நாளைக்குத் தெரியும். முதல்வர் கூப்பிடுவார், கூப்பிடாமலும் இருக்கலாம், வீட்டுக்காரர் வீட்டைக் காலிசெய்யச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், அந்தப் பயமெல்லாம் வரிசையில் பின்னால் எங்கோ நின்றது. முன்னால் நின்றது ஒன்றே ஒன்று. ஊர் வாய் வாசல்படி ஏறுவதற்கு முன்னால் இசக்கிக்கு நான் சொல்லவேண்டும். போனை எடுத்தாள். அண்ணனின் மனைவி, இசக்கிக்கு மதினி, பழகிப்பழகி இவளுக்கும் மதினி, எடுத்ததும் என்ன டீச்சர் இந்நேரம், சனிக்கிழமைக்கு இன்னும் நாள் கெடக்கே என்றாள். இசக்கியிடம் ஒரு வார்த்தை பேசணும் மதினி. அவள் ஸ்பீக்கர் போட்டு இசக்கியின் காதோரம் வைத்தாள், எப்போதும் போல அங்கேயே நின்றாள், வளையல் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. வேண்டாம் என்று விட்டாள்.

“இசக்கி, நம்ம கதைய ஒன்னக் கேக்காம நான் பியூலாட்ட சொல்லியிருந்தேன். அவ என்னைக் கேக்காம இன்னைக்கு வகுப்புல சொல்லிட்டா. அது நாமதான்னு நானும் சொல்லிட்டேன்.”

ஒரு லாரி போனது. அது போனபிறகு அந்தச் சத்தம் வந்தது, ஆ என்றும் இல்லாமல் ஓ என்றும் இல்லாமல், வழக்கத்தைவிட நீளமாக, நடுவில் உடைந்து, மறுபடி தொடர்ந்து. போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். எத்தனை அழுத்தியும் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பிறகு மதினி போனை எடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், இனி வராதீங்க என்று சொல்லப்போகிறாள், சொல்லட்டும்.

“மொகத்துல ஒத்தப் பக்கந்தான் அசையுது டீச்சர்” என்றாள் மதினி. “சிரிக்காளா அழுவுதாளான்னு எனக்கு என்னைக்கு வெளங்கியிருக்கு.”

“நேர்ல பாத்தா எனக்குத் தெரியும் மதினி.”

மறுபக்கம் ஏதோ ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் ஒலி. பெருமூச்சா, மின்விசிறியா, தெரியவில்லை.

“அவிய இன்னைக்குக் கடைக்குச் சரக்கெடுக்க மதுரைக்குப் போயிருக்காவ” என்றாள் மதினி. “வாறதுன்னா இப்பமே பஸ் ஏறிருங்க.”